கரப்பந்து ஆடுகிறவர்களுக்கு ஒரு சங்கம்

அன்பு மகள் ஆரபி,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை வைக்கும்போது, "அப்பா, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை" என்றாய். உண்மைதான். அம்மா பக்கத்தில் இருந்தாள், நீ அங்கே பயிற்சிக்குப் போகிற அவசரத்தில் நின்றாய், நான் வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டுப்படுவேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன். எனக்கு எப்போதும் எழுதினால்தான் சொல்ல வந்தது ஒழுங்காக வரும். இந்தக் கிழமை ஹோட்டலில் எனக்கு விடுமுறை. வெளியே எங்கள் துன் ஊர் ஏரிக்கு மேல் மூட்டம் இறங்கிக் கிடக்கிறது, மலை ஒன்றும் தெரியவில்லை. அம்மா வேலைக்குப் போய்விட்டாள். ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். நீயும் ஆறுதலாக வாசி. பஸ்ஸில் நின்றுகொண்டு வாசிக்காதே.

உன் கேள்வி எனக்கு விளங்காமல் இல்லை. நீ கடல் தாண்டிப் போய்ப் படிக்கிற பல்கலைக்கழகத்தில் விளையாடுகிற பிள்ளைகள் தொழிற்சங்கம் அமைக்கக் கேட்கிறார்கள். கூடைப்பந்துப் பெடியன்கள் தொடங்கினார்கள், இப்போது உங்கள் கரப்பந்து அணிக்கும் அந்த அட்டை வந்திருக்கிறது. அதில் கையெழுத்து வைத்தால் 'நாங்கள் மாணவர்கள் மட்டுமில்லை, இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வேலை செய்கிறவர்களும்தான், எங்களுக்காகப் பேச ஒரு சங்கம் வேண்டும்' என்று சொல்வதாக அர்த்தம். உன் தோழிகளில் பாதிப்பேர் வைத்துவிட்டார்கள். நீ வைக்கவில்லை. வைக்கவா விடவா என்று கேட்டாய். அதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல என்னால் ஏலாது. ஆனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாம்.

முதலில் அம்மாவைப் பற்றி. நத்தார் பண்டிகைக்கு நீ வந்து நின்றபோது சாப்பாட்டு மேசையில் நடந்ததை நான் மறக்கவில்லை. உன்னோடு ஒரே அறையில் இருக்கிற கேசியின் கதையை அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னாய். பயிற்சியில் பந்துக்குப் பாய்ந்து விழுந்து முழங்கால் நார் அறுந்தது, சத்திரசிகிச்சை நடந்தது, அதற்குப் பிறகு அடுத்த வருடம் அவளுக்குப் புலமைப்பரிசில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "அவள் எங்கையும் தன்ரை பாட்டிலை போய் விழேல்லை அம்மா. அவையள் சொன்ன பயிற்சியிலை, அவையின்ரை தரையிலை விழுந்தவள்" என்றாய்.

"பாவம்தான் பிள்ளை. அதுக்கு நீ என்ன செய்யிறது?" என்றாள் அம்மா. "நீ வெளிநாட்டுப் பிள்ளை. மாணவர் விசாவிலை நிக்கிறாய். நாளைக்கு விசாவிலை கை வைச்சாங்களெண்டால் யாரிட்டைப் போறது?"

"எல்லாத்துக்கும் விசா, விசா! நான் இஞ்சை பிறந்தனான். என்னட்டைச் சிவத்தப் பாஸ்போர்ட் இருக்கு. உங்களை மாதிரி எல்லாத்துக்கும் பயந்துகொண்டு இருக்க என்னாலை ஏலாது."

அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். நீயும் எழும்பிப் போனாய். அடுத்த நாள் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காதது போல ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்தீர்கள். நல்லது. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அது உனக்குத் தெரிய வேண்டும். நீ பிறக்க முதல் நாங்கள் கனகாலம் எஃப் பெர்மிட் என்ற தற்காலிக அனுமதியில் இருந்தோம். இருக்கலாம், வேலை செய்யலாம், நாட்டை விட்டு வெளியே போக ஏலாது. அந்த நேரத்தில்தான் அம்மாவின் அப்பா ஊரில் இறந்தார். செத்தவீட்டை யாரோ வீடியோவில் எடுத்து, அந்தக் கசெட் கனநாள் கழித்து எங்களிடம் வந்து சேர்ந்தது. அம்மா அதை ஒருதரம் பார்த்தாள். பிறகு யார் கேட்டும் போடவில்லை. விசா என்ற சொல்லை அவள் சொல்லும்போது உனக்கு ஒரு கடதாசி ஞாபகம் வருகிறது. அவளுக்குத் தன் அப்பாவின் முகம் ஞாபகம் வருகிறது. அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று மட்டும் நினைக்காதே, மகள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 'நாங்கள் படிக்கப் போனனாங்களோ, வேலைக்குப் போனனாங்களோ?' என்று என்னைக் கேட்டாய். உன்னை அங்கே அனுப்பும்போது படிக்கத்தான் அனுப்புகிறோம் என்று நான் எல்லாருக்கும் சொன்னேன். ஊஸ்டரில் சித்தப்பா வீட்டில், கோயிலில், ஹோட்டலில், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். உன் படிப்புக்கு நாங்கள் ஒரு பிராங்க் கட்டவில்லை, அது பெரிய கொடை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீ மருந்தாளர் ஆக வேண்டும் என்றுதான் போனாய். அங்கே போய் முதல் வருடத்திலேயே, ஆய்வுகூட வகுப்பும் பயிற்சியும் ஒரே நேரத்தில் வருகிறது, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று சொல்லி உன்னை வேறு பாடத்துக்கு மாற்றினார்கள். நீ அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான்தான் தொலைபேசியை வைத்தபிறகு யோசித்தேன்: படிக்கப் போன பிள்ளையின் படிப்பைப் பந்து தீர்மானிக்கிறது என்றால் அவள் எதற்காகப் போயிருக்கிறாள்? விடிய எழும்பிப் பாரம் தூக்குகிறாய், கிழமை நடுவில் விமானம் ஏறுகிறாய், எப்போது சாப்பிடுவது, எப்போது நித்திரை கொள்வது என்றுகூட இன்னொருவர் சொல்கிறார். அதற்கு என்ன பெயர் வைத்தாலும், சமையலறையில் வளர்ந்த எனக்கு அது வேலை மாதிரித்தான் தெரிகிறது.

ஆனால் உன்னைத் தடுப்பது விசா மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். உன் கோச்தான் உன்னைத் தடுக்கிறா. நீ அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "அவ எனக்கு எவ்வளவு செய்தவ அப்பா" என்று மட்டும் சொன்னாய். அந்த மனுசி உன்னைத் தேடி இந்தத் துன் வரைக்கும் வந்தவ. எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, உயரம் குறைந்த பிள்ளை என்று இங்கே பெரிய அணிகள் ஒதுக்கிய உன்னை, 'பின்வரிசையில் நின்று விழுகிற பந்தை இவளைப் போல எடுக்கிறவளை நான் பார்த்ததில்லை' என்று எங்கள் முகத்துக்கு நேரே சொன்னவ. அப்படிப்பட்ட ஒருவருக்கு எதிராகக் கையெழுத்து வைப்பது துரோகம் போலத்தான் இருக்கும். அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்கு ஊலியைத் தெரியும், எங்கள் பழைய செஃப். நீ சின்னப்பிள்ளையாக இருக்கும்போது உனக்குப் பாதாம் இனிப்பான மர்சிபானில் கரட் செய்து தந்தவர். கோப்பை கழுவ வந்த என்னை அடுப்படிக்கு ஏற்றியவர் அவர்தான். பெர்மிட் மாற்ற வேண்டி வந்தபோது, இவன் நல்ல வேலையாள் என்று தானே காரியாலயத்துக்கு வந்து நின்று சொன்னவர். அந்தக் காலத்தில் எங்கள் சமையலறையில் பெரிய கரைச்சல் ஒன்று இருந்தது. அடுத்த கிழமை யாருக்கு எந்த நேரம் வேலை என்கிற பிளான் கடைசி நேரத்தில்தான் வரும். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் 'சிம்மர்ஷ்டுண்ட' என்று இங்கே சொல்கிற சம்பளமில்லாத இடைவேளை வேறு. அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்வரவும் ஏலாது, ஒரு அலுவல் பார்க்கவும் ஏலாது. பிள்ளையை யார் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவது என்று நானும் அம்மாவும் ஒவ்வொரு கிழமையும் சண்டை பிடித்தோம். அந்தப் பிள்ளை நீதான்.

போர்த்துக்கல்காரன் மனுவேல்தான் முதலில் சங்கத்தில் சேர்ந்தான். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்தோம். முதலாளியோடு பேச ஒருவர் வேண்டும் என்றபோது, எனக்கு ஜெர்மன் வரும் என்று என்னைப் பிடித்துவிட்டார்கள். முதலாளியிடம் போவதற்கு முதல் நாள், நான் ஊலியிடம் போனேன். அவர் குளிர் அறையில் மீன் பார்த்துக்கொண்டு நின்றார். விசயத்தைச் சொன்னேன். அவர் மீனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்கு நான் என்ன குறை வைத்தேன்?" என்றார்.

"ஒரு குறையும் இல்லை, செஃப். இது உங்களைப் பற்றி இல்லை."

"இங்கே நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்."

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. நான் என்ன சொன்னேன் என்றால், "நீங்கள் இருக்கும்வரைக்கும் குடும்பம்தான் செஃப். நாளைக்கு நீங்கள் போய் இன்னொருவர் வந்தால்?" அவர் திரும்பி மறுபடி மீனைக் கையில் எடுத்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலைக்குத் தேவையானதைத் தவிர என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்த நாட்கள் இருக்கின்றன. நன்றி கெட்டவன் என்று ஒருவரும் என்னைச் சொல்லவில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

சங்கம் போய்ப் பேசியது. இரண்டு கிழமைக்கு முதலே பிளான் ஒட்ட வேண்டும் என்று முடிவானது. நல்ல விசயம். ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. குளிர்காலத்தில் திங்கட்கிழமைகளில் உணவகத்தை மூடுகிறோம், இனிச் செலவு கட்டாது என்று முதலாளி சொன்னார். அதனால் எங்களோடு பகுதிநேரம் செய்த சிவா அண்ணைக்கு நேரம் குறைந்தது. அவர் வேறு இடம் தேடி ஃப்ரிபூர்க்குக்குப் போனார். என்னைக் குற்றம் சொல்லவில்லை, "நீங்கள் கேட்டது சரிதான் தம்பி" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். ஆனாலும் அவருடைய வீட்டுக்காரி அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனா. இதை நான் உனக்கு மறைக்கக்கூடாது. உங்கள் அணியிலும் அந்தப் பேச்சு இருக்கிறது என்று நீ சொன்னாய். ஆட்களும் காசும் வருவது பெடியன்களின் ஆட்டத்துக்கு. எல்லாருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டி வந்தால் முதலில் மூடுவது பெண்களின் கரப்பந்தைத்தான் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளாதே. அது வீண் பயமாக இருக்கலாம், நடக்கவும் நடக்கலாம். உனக்குப் பின்னால் வரப்போகிற ஒரு பிள்ளையின் இடம் அது. சங்கம் என்றால் எல்லாம் சரிவரும் என்று ஒருவர் சொன்னாலும் நம்பாதே, சங்கம் வந்தால் எல்லாம் நாசம் என்று ஒருவர் சொன்னாலும் நம்பாதே.

ஊலியின் கதையின் மிச்சத்தையும் கேள். அடுத்த வசந்தத்தில் ஒருநாள், நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் வந்து தானும் ஒரு கத்தியை எடுத்து உரிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, "சனிக்கிழமை நான் இல்லை" என்றார். ஏன் என்றேன். "மகள் பள்ளிக்கூடத்தில் குழல் வாசிக்கிறாள். ஒருநாளும் போனதில்லை. இந்தமுறை பிளானில் முதலே போட்டுவிட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, அந்தக் கடைசி நேரப் பிளான் அவரையும் எத்தனை வருடமாக நெரித்திருக்கிறது என்று. மேலே போய்க் கேட்க அவருக்கும் ஆள் இருக்கவில்லை. நாங்கள் கேட்டது அவருக்கும் சேர்த்துத்தான், அது எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இனி உனக்குத் தெரியாத மற்றதைச் சொல்கிறேன். சொல்லவேண்டாம் என்று அம்மா சொன்னாள். நேற்றுத்தான் மனம் மாறி, எழுதுவதென்றால் எழுதுங்கோ என்றாள். உன் கோச் ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கதைப்பது உனக்குத் தெரியும். இந்தமுறையும் எடுத்தா. நான் பக்கத்தில் இருந்தேன், சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தோம். வாழ்த்துச் சொல்லி, உன் ஆட்டத்தைப் புகழ்ந்து, வானிலை கதைத்து முடிய, அம்மா திடீரென்று கேட்டாள். அவளுடைய ஆங்கிலம் உனக்குத் தெரியும், வினைச்சொல் வராது, கேள்வி வரும்.

"கேசி. முழங்கால். இனி யார் பார்ப்பது?"

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் கையை எடுத்துவிட்டாள். பிறகு கோச் மெதுவாக, எங்களுக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னா. சத்திரசிகிச்சைக்குப் பல்கலைக்கழகம் கட்டியது. அணியை விட்டுப் போனபிறகு எவ்வளவு காலம் பார்ப்பார்கள் என்பது தன் கையில் இல்லை. புலமைப்பரிசில் இடங்களும் தனக்கு மேலே இருந்து தருவதுதான். கேசிக்கு ஒரு இடத்தை வைத்திருக்கத் தான் கேட்டதாகவும் அவர்கள் மறுத்துவிட்டதாகவும் சொன்னா.

"நீங்கள் தனியாகக் கேட்டீர்களா?" என்றாள் அம்மா.

"ஆம்" என்றா கோச். "தனியாகத்தான் கேட்டேன்."

அம்மா நன்றி சொல்லி, பொங்கல் வாழ்த்துச் சொல்லி வைத்தாள். பிறகு போய்ச் சக்கரைப் பொங்கலை இறக்கினாள், எனக்கும் போட்டுத் தந்தாள், தானும் இருந்தாள். பாதி சாப்பிட்டபிறகு சொன்னாள்: "அவ நல்ல மனுசியப்பா. உண்மையிலேயே நல்ல மனுசி. ஆனா அவவாலை ஏலாது. அப்ப, ஏலக்கூடிய ஆரோ வேணும்தானே?"

நான் இவ்வளவு வருடம் சங்கத்தில் இருந்தும் அதை இவ்வளவு நேராகச் சொன்னதில்லை, பிள்ளை. கையெழுத்து வை என்று அம்மா சொல்லவில்லை. அவளுக்கு இன்னமும் பயம் இருக்கிறது. "விசாவுக்கு என்ன நடக்கும் எண்டு முதல் ஒழுங்காக் கேட்டு அறியச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு அவளின்ரை விருப்பம்" என்றாள். அவளின் வாயிலிருந்து 'அவளின்ரை விருப்பம்' என்று வருவது சின்ன விசயம் இல்லை.

ஆகவே நான் சொல்வதைக் கேள். விசாவைப் பற்றிக் கோச்சிடம் கேட்காதே, அட்டை கொண்டு வருகிறவர்களிடமும் கேட்காதே. இரண்டு பக்கமும் தங்களுக்கு வேண்டியதைத்தான் சொல்லும். குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் போ. அதற்கு ஆகிற செலவை நாங்கள் பார்ப்போம், அதில் நீ மறுப்புச் சொல்லக்கூடாது. 'ஊழியர்' என்ற பெயர் வந்தால் மாணவர் விசாவுக்கு என்ன ஆகும் என்று நேராகக் கேள். பிழையாகப் போகும் என்று அவர் சொன்னால், கையெழுத்து வைக்காதே. அதற்காக உன்னை ஒருவரும் கோழை என்று சொல்ல ஏலாது. சொன்னால் அவர்களுக்கு ஒருநாளும் பெர்மிட் பயம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொள். கையெழுத்து இல்லாமலும் கேசிக்காகப் பேசலாம். அணிக் கூட்டத்தில் எழும்பி நின்று அவள் பெயரைச் சொல்ல விசா தேவையில்லை.

பயமில்லை என்று அவர் சொன்னால், இருந்து யோசி. உனக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு அது நல்லதா கெட்டதா என்று தோழிகளோடு கதை, ஒத்துவராதவர்களோடும் கதை. வைப்பதென்று முடிவெடுத்தால், யாருக்கும் முதல் கோச்சிடம் நீயே போய்ச் சொல். வேறு ஒருவர் வாயால் அவவுக்குப் போகக்கூடாது. நோகும். உனக்கும் நோகும், அவவுக்கும் நோகும். அந்த நோவுக்காக விட்டுவிடாதே, அந்த நோவை இல்லை என்று காட்டிக்கொள்ளவும் வேண்டாம். ஒருவருக்கு நன்றியோடு இருப்பது ஒன்று, அவர் இருக்கிற இடத்துக்கு நியாயமான ஒரு ஒழுங்கு வேண்டும் என்று கேட்பது இன்னொன்று. இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம். என் மனதில் இருந்தது. ஊலி ஓய்வு பெற்ற நாளில் அவர் கட்டிப்பிடித்த ஆட்களில் நானும் மனுவேலும் இருந்தோம்.

ஒன்றை மட்டும் நீ செய்யக்கூடாது. எங்களுக்காக முடிவெடுக்காதே. அம்மா பயப்படுவாள் என்று வைக்காமல் விடவும் வேண்டாம், அப்பா சங்கத்துக்காரன் என்று வைக்கவும் வேண்டாம். வசந்தத்தோடு நானும் வேலையை விடுகிறேன். எனக்காகப் பிளான் போட இனி ஒருவரும் இல்லை. உன் வாழ்க்கையின் பிளானை நான் போடுகிற வயதும் உனக்கும் போய்விட்டது, எனக்கும் போய்விட்டது.

அம்மா இப்போதுதான் வேலையால் வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டாள், வாசித்துக் காட்டினேன். தன் அப்பாவின் கதை வந்த இடத்தில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தாள். முடிவில், "இதையும் எழுதுங்கோ" என்றாள். கோடை விடுமுறைக்கு வரும்போது கேசியையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். ஏரியில் நீந்தினால் முழங்காலுக்கு நல்லதாம். அவளுக்கு உறைப்புச் சாப்பாடு ஒத்துவருமோ, என்னென்ன சாப்பிடமாட்டாள் என்று கேட்டு, எனக்கில்லையாம், தனக்கு நேரே எழுதட்டாம்.

அன்புடன்,
அப்பா